பாதி டிஸ்ட்ரோபினோட 61 வயசுலயும் நடந்தவர்: ஒரு கேஸ், அது கிளப்பின கேள்விகள்

1990-ல நேச்சர் இதழ்ல ஒரு குட்டி பேப்பர் வந்துச்சு, மொத்தமே மூணு பக்கம். பெக்கர்ங்கற லேசான வகை தசைச்சிதைவு பரம்பரையா ஓடுற ஒரு குடும்பம், அதுல ஒருத்தருக்கு 61 வயசு, இன்னும் நடந்துட்டுதான் இருக்கார். இதுல என்ன பெரிய விஷயம்னு தோணும். தசைநாரோட ஜவ்வைத் தாங்கற டிஸ்ட்ரோபின்ங்கற புரோட்டீனுக்கான அவரோட ஜீன்ல, எக்ஸான் (புரோட்டீனுக்கான செய்தி இருக்கற துண்டு) 17-ல ஆரம்பிச்சு 48 வரைக்கும் வரிசையா 32 எக்ஸான் காணோம், அதாவது புரோட்டீனுக்கான எழுத்துல 46 சதவீதம் இல்லவே இல்ல. அதே ஜீன்ல எக்ஸான் 50 மட்டும், வெறும் 109 எழுத்து, மொத்தத்துல ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி, அது மட்டும் போன பையன் ஸ்டீராய்டு எதுவும் எடுக்கலன்னா பொதுவா 12 வயசு வாக்குல சக்கர நாற்காலிக்குப் போயிடுவான். பாதியை இழந்தவர் நடக்கறார், நூத்துல ஒரு பங்கை இழந்தவனால முடியல. இந்தக் கணக்கு எப்படி ஒத்து வருதுன்னு தோண்டிப் போனா செல்லோட எலும்புக்கூடுன்னு சொல்ற சைட்டோஸ்கெலிட்டன் என்ன வேலை பாக்குது, அதுல எந்தத் துண்டு இல்லாம ஓட்டலாம், எது இல்லாம ஓட்டவே முடியாதுங்கறது எல்லாம் வெளிய வந்துடும்.

முதல்ல கடுமையான வகை எப்படி இருக்கும்னு சொல்லிடறேன், அப்பதான் அந்த 61 வயசோட கனம் புரியும். டுஷேன் தசைச்சிதைவு, இதுவும் அதே டிஸ்ட்ரோபின் ஜீன் கோளாறுதான், ஆண் குழந்தைகள்ல 3,500-ல இருந்து 5,000 பேருக்கு ஒருத்தர்னு வருது. ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால பசங்களுக்குத்தான் வருது, அம்மா கேரியரா இருப்பாங்க, ஆனா மூணுல ஒரு பங்கு கேஸ்ல அம்மாகிட்டயும் எதுவும் இருக்காது, புதுசா உண்டான மாற்றம். பொறந்தப்ப பாத்தா ஒண்ணும் தெரியாது. நடக்க லேட் ஆகும், மத்த பசங்க ஓடுற அளவுக்கு ஓட மாட்டான், படி ஏறத் திணறுவான், முன்பாதத்துல நடப்பான், கெண்டைக்கால் மட்டும் நல்லா திரண்டு பாக்க பலசாலியா தெரியும், நாள் போகப்போக அதுல தசையை விட கொழுப்பும் நாரும்தான் ஜாஸ்தி. தரையில இருந்து எந்திரிக்கும்போது கையைத் தொடையில ஊனி ஊனி தன் உடம்பையே பிடிச்சு ஏறி நிப்பான், இதை 1879-ல லண்டன் டாக்டர் வில்லியம் கவர்ஸ் எழுதி வெச்சதால இன்னிக்கும் கவர்ஸ் சைன். அப்புறம் மூச்சுத் தசை, இதயம். வென்டிலேட்டர் வசதி வர்றதுக்கு முன்னாடி இருபது வயசைத் தாண்டறதே அபூர்வம், இப்போ முப்பதுகளைத் தாண்டி வாழறவங்க இருக்காங்க.

ரத்தத்துல சி.கே. (கிரியாட்டின் கைனேஸ், தசைக்குள்ள இருக்க வேண்டிய என்சைம்) அளவு, 200-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, 10,000, 20,000-னு ஏறி நிக்கும். நடுவுல ஒண்ணு சொல்லணும், இது கேஸுக்கு நேரடி சம்பந்தம் இல்லன்னாலும் பரவால்ல: கல்லீரல் டெஸ்ட்ல பாக்கற ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்சைம்கள் ரெண்டும் கல்லீரல்ல மட்டும் இல்ல, தசையிலயும் இருக்கு. அதனால ஏதோ காய்ச்சலுக்கு எடுத்த டெஸ்ட்ல அது ஏறி வந்து, குழந்தைக்கு கல்லீரல் கோளாறுன்னு நினைச்சு அந்தப் பக்கமே மாசக்கணக்கா தேடிட்டு இருக்கறது உலகம் முழுக்க நடக்குது. ஜி.ஜி.டி. (இன்னொரு கல்லீரல் என்சைம், தசையில இருந்து வராது) நார்மலா இருந்து இந்த ரெண்டும் ஏறியிருந்தா ஒரு சி.கே. பாத்துடறது நல்லது, மலிவான டெஸ்ட், வருஷங்களை மிச்சம் பண்ணும்.

சி.கே. ஏன் வெளிய வருதுன்னா தசைநாரோட மேல்ஜவ்வு கிழியுது, உள்ள இருக்கறது ஒழுகுது, அவ்ளோதான். இதைக் கிட்டத்தட்ட சரியா சொன்ன முதல் ஆள் டுஷேன் இல்ல, எட்வர்ட் மெரியன்னு ஒரு லண்டன் டாக்டர். பாரிஸ்ல டுஷேன் 1860-கள்ல விவரமா எழுதறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1851-52-லயே, இது நரம்புக் கோளாறு இல்ல, தசை நோய், தசைநாரைச் சுத்தி இருக்கற உறையே சிதைஞ்சு கிடக்குன்னு நுண்ணோக்கியில பாத்துச் சொல்லியிருக்கார். பேர் என்னமோ டுஷேனுக்குப் போச்சு. அந்த உறை ஏன் சிதையுதுன்னு தெரிய இன்னும் 135 வருஷம் ஆச்சு. 1980-கள்ல பாஸ்டன்ல லூயிஸ் குங்கெல் குழு தலைகீழா போனாங்க: எந்தப் புரோட்டீன்னே தெரியாது, ஜீனைப் பிடிச்சுட்டா புரோட்டீன் தானா வரும்னு. டுஷேனோட சேத்து வேற மூணு வியாதியும் ஒண்ணா வந்திருந்த ஒரு பையனோட எக்ஸ் குரோமோசோம்ல மைக்ராஸ்கோப்லயே தெரியற அளவுக்கு ஒரு துண்டு இல்லாம இருந்துச்சு, சரி, சாதாரண டி.என்.ஏ.-ல இருந்து அந்தப் பையனோட டி.என்.ஏ.-வைக் கழிச்சா மிச்சம் வர்றதுதானே நாம தேடற இடம்னு யோசிச்சு கழிச்சே எடுத்தாங்க. 1986-ல ஜீனோட துண்டு, 1987-ல முழு எம்.ஆர்.என்.ஏ. (புரோட்டீன் பண்ண ஜீன்ல இருந்து செல் எடுக்கற நகல்) பிரதி, அதே வருஷக் கடைசியில புரோட்டீன், அதுக்கு டிஸ்ட்ரோபின்னு பேரும் வெச்சாங்க.

ஜீன் அளவைப் பாத்தா தலை சுத்தும். 22 லட்சம் எழுத்துக்கு மேல, 79 எக்ஸான், ஆனா புரோட்டீனுக்கு உதவுற பகுதி 11,000 எழுத்துதான், மீதி 99 சதவீதத்துக்கு மேல இன்ட்ரான், எக்ஸான்களுக்கு நடுவுல இருந்து வெட்டி எறியப்படுற பகுதி. ஒரே ஒரு எம்.ஆர்.என்.ஏ. எழுதி முடிக்க செல்லுக்கு சுமார் 16 மணி நேரம் ஆகுதுன்னு அளந்திருக்காங்க. இவ்ளோ நீளமா இருந்தா உடையற வாய்ப்பும் ஜாஸ்தி, புது மாற்றங்கள் அடிக்கடி வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். இவ்ளோ பாடுபட்டு செல் தயார் பண்ற புரோட்டீன் தசையோட மொத்தப் புரோட்டீன்ல 0.002 சதவீதம்தான்.

சரி, அது எங்க இருக்கு, என்ன பண்ணுது. டிஸ்ட்ரோபின் 3,685 அமினோ அமிலம், எடை 427 கிலோடால்டன். தசைநாரோட மேல்ஜவ்வுக்கு உள்பக்கமா ஒட்டி இருக்கும். தலைப்பக்கம் ஆக்டின்ங்கற இழைப் புரோட்டீனைப் பிடிக்கற பகுதி. நடுவுல நீளமான தண்டு, அதுல 24 ரிப்பீட், ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 109 அமினோ அமிலம், மூணு சுருள் ஒண்ணா முறுக்கினது, ரத்தச் சிவப்பணுவுக்கு வடிவம் குடுக்கற ஸ்பெக்ட்ரின்ல இருக்கற அதே டிசைன், ரெண்டும் ஒரே குடும்பம். ரிப்பீட்டுகளுக்கு நடுவுல அங்கங்க மடங்கற கீல், மொத்தம் நாலு. அதைத் தாண்டினா சிஸ்டைன் நிறைஞ்ச ஒரு பகுதி, இதுதான் ஜவ்வைத் துளைச்சு நிக்கற பீட்டா டிஸ்ட்ரோகிளைக்கனைப் பிடிக்குது, கடைசியா வால், அதுல சின்ட்ரோஃபின், டிஸ்ட்ரோபிரெவின்னு சில பேர் வந்து ஒட்டிக்கறாங்க. பீட்டா டிஸ்ட்ரோகிளைக்கன் வெளிய ஆல்ஃபா டிஸ்ட்ரோகிளைக்கனைப் பிடிக்க, அது செல்லுக்கு வெளிய இருக்கற லேமினினைப் பிடிக்க, ஆக உள்ள இருக்கற ஆக்டின் தொடங்கி வெளிய இருக்கற அடித்தள விரிப்பு வரைக்கும் ஒரே சங்கிலி. மாட்டையும் முளைக்குச்சியையும் இணைக்கற கயிறுன்னு வெச்சுக்கோங்க, ரெண்டு முனையிலயும் முடிச்சு இருக்கணும், நடுக்கயிறு கொஞ்சம் நீளமோ குட்டையோ அப்புறம் பாத்துக்கலாம்.

ஒரு திருத்தம் இங்க அவசியம், நிறைய இடத்துல தப்பா எழுதறாங்க. டிஸ்ட்ரோபின் பிடிக்கற ஆக்டின் தசையைச் சுருக்கற இழையில இருக்கற ஆக்டின் இல்ல. ஜவ்வுக்கு அடியில பட்டை பட்டையா ஓடுற காமா ஆக்டின், அது செல் எலும்புக்கூட்டோட பகுதி. அந்தப் பட்டைகளுக்கு காஸ்டமியர்னு பேரு, உள்ள இருக்கற சுருங்கும் இழைகளோட இசட் கோட்டுக்கு நேரா உக்காந்திருக்கும். எர்வாஸ்டி குழு 2000-ல பண்ணின ஒரு பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவ்ளோ நேரடியானது: தசைநார்ல இருந்து மேல்ஜவ்வை மட்டும் மெதுவா உரிச்சு எடுத்தாங்க. சாதாரண எலியில உரிச்ச ஜவ்வோட அந்த காமா ஆக்டின் பட்டைகளும் சேந்தே வந்துச்சு. டிஸ்ட்ரோபின் இல்லாத எம்.டி.எக்ஸ். எலியில ஜவ்வு மட்டும் மொட்டையா வந்துச்சு, பட்டை ஒண்ணுகூட ஒட்டல. ஜவ்வையும் உள்கூட்டையும் கட்டி வெச்சிருக்கறது யாருன்னு இதுக்கு மேல தெளிவா காட்ட முடியாது.

கட்டு இல்லன்னா என்ன ஆகும்னு 1993-ல ஒரு குழு காட்டினாங்க. தசையைச் சுருங்க வெச்சுட்டு அதே நேரத்துல இழுத்து நீட்டினா, நாம இறக்கத்துல இறங்கும்போது தொடைத் தசைக்கு நடக்கறது இதுதான், எம்.டி.எக்ஸ். எலியோட தசைநார்கள்ல ஜவ்வு கிழிஞ்சு வெளிய இருந்த சாயம் உள்ள போயிடுச்சு, சாதாரணமா ஜவ்வைத் தாண்டவே முடியாத சாயம் அது. சாதாரண எலித் தசையில இந்தச் சேதம் ரொம்பக் கம்மி. வேலை எவ்ளோ கடினமோ அவ்ளோ கிழிசல். இன்னொரு பக்கம், டிஸ்ட்ரோபின் போனா அது மட்டும் போறதில்ல, அதைப் பிடிச்சு நின்ன டிஸ்ட்ரோகிளைக்கன், சார்கோகிளைக்கன் கூட்டமே ஜவ்வுல இருந்து குறைஞ்சு போகுது. கேம்ப்பெல் ஆய்வகம் இந்தக் கூட்டத்தைத்தான் ஒவ்வொண்ணா பிரிச்சு அடையாளம் கண்டது, பிற்பாடு சார்கோகிளைக்கன் ஜீன்கள்ல கோளாறு வந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி இடுப்புத் தசை நோய் வருதுன்னு தெரிஞ்சுச்சு.

கிழிசல் வழியா கால்சியம் உள்ள வரும், கால்பெயின்ங்கற வெட்டுற என்சைம் முழிச்சுக்கும், மைட்டோகாண்ட்ரியா தடுமாறும், நார் செத்துப்போகும். அப்புறம் சாட்டிலைட் செல்கள்ங்கற தசையோட ஸ்டெம் செல்கள் வந்து புதுசா தசை கட்டும், அதுவும் டிஸ்ட்ரோபின் இல்லாத தசைதான், அதுவும் கிழியும். இந்தச் சுத்து எத்தனை தடவைதான் ஓடும், ஒரு கட்டத்துல அந்த இடத்தை நாரும் கொழுப்பும் நிரப்பிடும். 2015-ல ருட்னிக்கி குழு இன்னொண்ணு சொன்னாங்க: சாட்டிலைட் செல்லுக்குள்ளயே டிஸ்ட்ரோபினுக்கு வேலை இருக்கு, செல் பிரியும்போது எந்தப் பக்கம் எதுன்னு திசை குறிக்கறதுல அது பங்கெடுக்குது, அது இல்லன்னா ஒரு பக்கம் ஸ்டெம் செல், ஒரு பக்கம் தசையாகப் போற செல்னு சமச்சீர் இல்லாம பிரியறது குறைஞ்சு போகுது. ஆக கிழியறதும் அதுனால, தைக்கறது தடுமாறுறதும் அதுனால.

இப்போ கணக்குக்கு வருவோம். எம்.ஆர்.என்.ஏ.-வை செல் மூணு மூணு எழுத்தா படிக்குதுன்னு தெரியும். எக்ஸான் 50-ல 109 எழுத்து. 109-ஐ மூணால வகுத்தா 36 முறை போய் ஒண்ணு மிச்சம். அந்த எக்ஸான் இல்லாம 49-உம் 51-உம் நேரா ஒட்டிக்கிட்டா அங்க இருந்து படிப்பு ஒரு எழுத்து தள்ளிப் போகுது, அதுக்கப்புறம் வர்றதெல்லாம் குப்பை, கொஞ்ச தூரத்துலயே நிறுத்தக் குறி வந்துடும். புரோட்டீன் பாதியில நின்னா சிஸ்டைன் பகுதி வரவே வராது, அதைவிட, இப்படிப் பாதியில நிக்கற எம்.ஆர்.என்.ஏ.-வை செல்லே அழிச்சிடும், தப்பிச்சு வர்ற அரைகுறைப் புரோட்டீனும் நிலைக்காது. அதனால பயாப்ஸியில டிஸ்ட்ரோபின் சாயம் கிட்டத்தட்ட பூஜ்யம், 1988-ல ஹாஃப்மன் குழு அளந்தப்ப டுஷேன் பசங்கள்ல சாதாரணத்துல 3 சதவீதத்துக்கும் கம்மி. இதே பெக்கர்ல ரொம்பப் பொதுவா பாக்கற இழப்பு ஒண்ணு, எக்ஸான் 45-ல இருந்து 47: 176-உம் 148-உம் 150-உம் கூட்டினா 474, மூணால சரியா வகுபடும். நடுவுல ஒரு துண்டு இல்ல, ஆனா அதுக்கப்புறம் வர்றது எல்லாம் சரியா படிக்கப்படுது, வால் வரைக்கும் போகுது. படிக்கற வரிசை, அதாவது ரீடிங் ஃப்ரேம், உடைஞ்சா டுஷேன், உடையலன்னா பெக்கர்ங்கற இந்த விதியை 1988-ல மொனாக்கோ, குங்கெல் குழு எழுதினாங்க, ஏறக்குறைய 90 சதவீதக் கேஸ்ல இது பலிக்குது. ரிப்பீட்டுக்கும் 109 அமினோ அமிலம், எக்ஸான் 50-க்கும் 109 எழுத்துங்கறது வெறும் தற்செயல், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

நம்ம 61 வயசுக்காரருக்குப் போன 32 எக்ஸானும் மொத்தமா கூட்டினா மூணால வகுபடுற எண், அதனால ரீடிங் ஃப்ரேம் தப்பிச்சுது. போனது எல்லாம் நடுத்தண்டு. 24 ரிப்பீட்ல எட்டரை வாக்குல மிச்சம், ஆக்டினைப் பிடிக்கற தலை முழுசா இருக்கு, டிஸ்ட்ரோகிளைக்கனைப் பிடிக்கற பகுதி முழுசா இருக்கு, வாலும் இருக்கு. ரெண்டு முடிச்சும் பத்திரம், நடுக்கயிறு குட்டை. ஆக்ஸ்ஃபோர்ட்ல கே டேவிஸ் குழு இதை எழுதினப்பவே ஜீன் சிகிச்சைக்கு இது ஒரு வழின்னு சொல்லிட்டாங்க, ஏன்னா முழு ஜீனோட 11,000 எழுத்தை எந்தச் சின்ன வைரஸுக்குள்ளயும் அடைக்க முடியாது, இவரோட வடிவம்னா 6,000 கிட்டத்தான்.

முனைகள்தான் முக்கியம்ங்கறதுக்கு எதிர்த்திசையில இருந்தும் சாட்சி இருக்கு. சிஸ்டைன் பகுதியை மட்டும் இழந்த சில நோயாளிகள், ஃப்ரேம் உடையல, புரோட்டீன் உண்டாகுது, சாயம் போட்டுப் பாத்தா ஜவ்வுலயும் ஒட்டி நிக்குது, ஆனாலும் நோய் கடுமையான டுஷேன்தான். இந்தக் கேஸ்களை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும். தலைப்பக்கம் கொஞ்சம் தயவு உண்டு: எக்ஸான் ஒண்ணுலயே நிறுத்தக் குறி வந்த சில குடும்பங்கள்ல நோய் ரொம்ப லேசா இருந்துச்சு, தோண்டிப் பாத்தா செல் எக்ஸான் 6-ல இருந்து மறுபடி படிக்க ஆரம்பிச்சிருக்கு, தலையில பாதி போச்சு, மீதி எல்லாம் வந்துடுச்சு. எக்ஸான் 3-ல இருந்து 7 வரைக்கும் போனவங்கள்ல சிலருக்கும் விதிப்படி டுஷேன் வரணும், ஆனா பெக்கர் அளவோட நிக்குது. அந்தப் பத்து சதவீத விதிவிலக்குல இவங்கல்லாம்தான் இருக்காங்க, ரிப்போர்ட்ல ஃப்ரேம் உடைஞ்சிருக்குன்னு பாத்த உடனே குடும்பத்துகிட்ட முழுத் தீர்ப்பா சொல்லிடறது ஏன் அவசரம்னு இதுல புரியும், குறிப்பா பையன் வயசுக்கு நல்லா ஓடிட்டு இருந்தா.

ஆனா அந்த 1990 கேஸைப் படிச்சவங்கள்ல நிறைய பேர் எடுத்துட்ட பாடம், நடுத்தண்டு சும்மா இடத்தை நிரப்புது, எவ்ளோ வேணா வெட்டலாம்ங்கறது. எனக்கு இது ஆரம்பத்துல இருந்தே அதிகப்படியான வாசிப்பாத்தான் படுது. மொதல்ல, வெட்டற இடம் முக்கியம். எக்ஸான் எல்லையும் ரிப்பீட் எல்லையும் ஒத்துப் போறதில்ல, அதனால சில வெட்டுல ரெண்டு அரை ரிப்பீட் சேந்து ஒரு முழு ரிப்பீட்டா மடங்கிக்கும், சில வெட்டுல அரையும் குறையுமா தொங்கும். 45-ல இருந்து 48 வரை போனவங்களுக்கு அந்த ஒட்டு சுத்தமா உக்காருது, 45-ல இருந்து 47 வரை மட்டும் போனவங்களுக்கு உக்காரல, ரெண்டும் ஃப்ரேம் உடையாத இழப்புதான், ஆனா கூடுதலா இழந்தவங்களுக்கு நோய் லேசு. 2002-ல சேம்பர்லின் குழு எலிகள்ல இதையே வடிவமைச்சுப் பாத்தாங்க: நம்ம ஆளோட 17-48 வடிவத்தை விட, அரை ரிப்பீட் தொங்காம சரியா எட்டு ரிப்பீட் வர்ற மாதிரி வெட்டின வடிவம் நல்லா வேலை செஞ்சுது. அதாவது அவர்கிட்ட இருந்த புரோட்டீன் அந்த அளவுக்குக் கூட நல்ல டிசைன் இல்ல, இயற்கை ஏனோதானோன்னு வெட்டினது, அப்பவும் நடந்தார்.

ரெண்டாவது, நடுத்தண்டுல வேலை இருக்கு. 11-ல இருந்து 17 வரைக்கும் உள்ள ரிப்பீட்டுகள் ஆக்டினை ரெண்டாவது இடத்துல பிடிக்குது, 20-ல இருந்து 23 வரைக்கும் மைக்ரோட்யூபிள்ங்கற, செல் எலும்புக்கூட்டோட குழாய்களைப் பிடிக்குது. 16, 17 ரெண்டும் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கற என்சைமை ஜவ்வுல நிறுத்தி வைக்குது. தசை வேலை செய்யும்போது அங்க ரத்தக்குழாய் சுருங்காம பாத்துக்கறது அந்த வாயுதான், அந்த என்சைம் இடம் மாறிப் போனா தசைக்கு வேலை நேரத்துல ரத்தம் போதாது, சீக்கிரம் அசதி. 61 வயசுக்காரர்கிட்ட 16, 17 ரெண்டுமே இருக்க வாய்ப்பில்ல. நடக்கறது ஒரு அளவுகோல்தான், எவ்ளோ தூரம், எவ்ளோ சீக்கிரம் களைச்சுப் போறார், இதயம் எப்படி இருக்கு, இதெல்லாம் வேற அளவுகோல். பெக்கர்ல கால் நல்லா இருந்து இதயம் முன்னாடியே விரிஞ்சு போறது தெரிஞ்ச விஷயம், அதனால நல்லா நடக்கறவங்களுக்கும் வருஷா வருஷம் இதயப் பரிசோதனை கட்டாயம்.

இன்னொரு கோணம், இதை யாரும் பெருசா பேசறதில்ல. இந்த ஒரே ஜீன்ல இருந்து வேற வேற இடத்துல ஆரம்பிச்சு குட்டி டிஸ்ட்ரோபின்களும் வருது. விழித்திரைக்கான டி.பி. 260 இன்ட்ரான் 29-ல ஆரம்பிக்குது, மூளைக்கான டி.பி. 140 இன்ட்ரான் 44-ல. 17-ல இருந்து 48 வரைக்கும் துண்டு விழுந்தா இந்த ரெண்டு தொடக்கப் புள்ளியும் அந்தத் துண்டோடயே போகும். டுஷேன் பசங்கள்ல கணிசமான பேருக்குப் படிப்புல, கவனத்துல சிரமம் வர்றதும், ஜீனோட பின்பகுதியில கோளாறு இருந்தா அது ஜாஸ்தியா தெரியறதும் இந்தக் குட்டி வடிவங்களால. விழித்திரை வடிவம் போனா பார்வை போகாது, மின்பதிவுலதான் மாறுதல் தெரியும். ஆக ரொம்ப லேசான தசைச்சிதைவுன்னு அந்தக் கேஸுக்கு வெச்ச தலைப்பு தசையைப் பத்தி மட்டும்தான் சொல்லுது.

சிகிச்சைப் பக்கம் இந்தக் கேஸ் ரெண்டு கிளையா போச்சு. ஒண்ணு, டுஷேனைப் பெக்கரா மாத்தறது. எக்ஸான் 50 இல்லாத பையனுக்கு 51-ஐயும் வேணும்னே தாண்ட வெச்சா 109-உம் 233-உம் சேந்து 342, வகுபடுது, ஃப்ரேம் திரும்பி வந்துடுது. கூடுதலா ஒரு துண்டை இழக்க வெச்சு நிலைமையை நல்லதாக்கறது, கேக்க வினோதமா இருந்தாலும் கணக்கு சரி. எட்டெப்லிர்சன்ங்கற மருந்து 2016-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கினது இதுக்குத்தான், அப்புறம் 53-க்கு ரெண்டு மருந்து, 45-க்கு ஒண்ணு. ஆனா உண்டாகற டிஸ்ட்ரோபின் அளவு கொஞ்சம்தான், எட்டெப்லிர்சன்ல சராசரி சாதாரணத்துல ஒரு சதவீதத்தைக்கூட எட்டல, இதயத்துக்குள்ள அந்த மருந்து சரியா போறதும் இல்ல.

ரெண்டாவது கிளை, குட்டி ஜீனையே உள்ள அனுப்பறது. ஜீனைச் சுமந்து போக பயன்படுத்தற ஏ.ஏ.வி.ங்கற குட்டி வைரஸ்ல 4,700 எழுத்துக்கு மேல ஏறாது, 61 வயசுக்காரரோட 6,000-மே அதுல அடங்காது, அதனால இன்னும் வெட்டினாங்க, மைக்ரோ டிஸ்ட்ரோபின். 2023 ஜூன்ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின எலிவிடிஸ்ங்கற ஜீன் மருந்துல 24 ரிப்பீட்ல 1, 2, 3, 24 மட்டும்தான் இருக்கு, வாலும் வெட்டியாச்சு, எடை 138 கிலோடால்டன், மூணுல ஒரு பங்கு. தலையும் சிஸ்டைன் பகுதியும் மட்டும் விடல. இந்த வடிவத்தோட பொறந்து வாழ்ந்த மனுஷன் யாரும் இல்லங்கறதைக் கவனிக்கணும், 61 வயசுக்காரர் குடுத்த தைரியத்துல அவரையும் தாண்டி ரொம்ப தூரம் வந்தாச்சு. அந்த முதல் அனுமதி 4, 5 வயசுப் பசங்களுக்கு, தசையில மைக்ரோ டிஸ்ட்ரோபின் உண்டாகுதுங்கற அளவை வெச்சுக் குடுத்தது. அதே வருஷம் அக்டோபர்ல முடிவு வந்த, 125 பசங்களை வெச்சு நடந்த பெரிய ட்ரயல்ல, ஒரு வருஷம் கழிச்சு இயக்கத் திறன் மதிப்பெண்ல மருந்து எடுத்தவங்களுக்கும் எடுக்காதவங்களுக்கும் புள்ளியியல்படி சொல்லிக்கற வித்தியாசம் வரல, தரையில இருந்து எந்திரிக்கற நேரம் மாதிரி இரண்டாம் நிலை அளவுகள்ல மட்டும் கொஞ்சம் சாதகமா தெரிஞ்சுது. 2024-ல அனுமதியை விரிச்சாங்க, 2025-ல நடக்க முடியாத நிலையில இருந்த பசங்கள்ல கல்லீரல் செயலிழந்து மரணங்கள் வந்ததும் அந்தப் பிரிவுக்குக் குடுக்கறது நின்னுச்சு.

அந்த ஒரு வருஷ முடிவைப் பாத்து மருந்தே வீண்னு சொல்றவங்களோட நான் இல்ல. 4-ல இருந்து 7 வயசுங்கறது வளர்ச்சியே நோயை மூடி மறைக்கற வயசு, ஒரு வருஷம் பத்தாது. என் சந்தேகம் அளவுகோல் மேல. சிஸ்டைன் பகுதி இல்லாத அந்த நோயாளிகளை ஞாபகம் வெச்சுக்க சொன்னேனே, அவங்களுக்கு டிஸ்ட்ரோபின் ஜவ்வுலயே இருந்துச்சு, சாயமும் பிடிச்சுது, வேலைதான் நடக்கல. அப்போ தசையில இத்தனை சதவீதம் புரோட்டீன் தெரியுதுங்கற எண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு பலன் இருக்கும்னு முடிவு கட்டறது, இந்தப் புரோட்டீன் விஷயத்துல முப்பது வருஷம் முன்னாடியே ஆட்டம் கண்ட வாதம். 61 வயசுக்காரர்கிட்டயும் எண்ணா பாத்தா பாதி நீளப் புரோட்டீன்தான். அடுத்து வர்ற வடிவங்கள்ல ஒண்ணு 16, 17 ரிப்பீட்டுகளைத் திரும்ப உள்ள வெச்சிருக்கு, இன்னொண்ணு வாலோட ஒரு பகுதியைத் திரும்பச் சேத்திருக்கு, அதே 4,700 எழுத்துக்குள்ள இதை வெக்கணும்னா எதை எடுக்கறதுங்கறதுதான் இப்போ வடிவமைக்கறவங்களோட சண்டை.